இடமிருந்து வலம் அவருக்கு

நவம்பர் 16, ஞாயிறு. காலை 5.40க்கு எழுந்தேன். பனி. எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் கண்ணுக்குத் தட்டுப்பட ஆறரை ஆகிவிட்டது. கோழிகளைத் திறந்துவிட்டேன். ஏழு மணிக்குக் காபி. 8.30க்கு மழைமானி. 11.4 மில்லிமீட்டர்.

இது நேற்றைய நாட்குறிப்பு. இதன் கடைசி எண்ணில்தான் ஒரு சிக்கல். அளவுக் குவளையில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். தண்ணீர் நிற்பது 11.4லா 11.6லா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குவளையைத் தள்ளிப் பிடித்தேன், இன்னும் தள்ளிப் பிடித்தேன். கடைசியில் 11.4 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். இருபத்து மூன்று வருடமாக மழை அளக்கிறேன். கேள்விக்குறி போட்டது இதுதான் முதல் முறை.

அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். பத்து மணிக்குப் பேப்பர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் குறுக்கெழுத்துப் புதிர் உண்டு. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது சொல்லை எழுதிவிட்டுப் பார்க்கிறேன், எழுத்துகள் கட்டத்துக்குள் இல்லை. ஒன்று கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று பக்கத்துக் கறுப்புக் கட்டத்துக்குள் கால் நீட்டியிருந்தது.

அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி வாசற்படியில் நின்று சிரித்தாள். "ஏனுங்க, பேப்பர எதுக்கு அவ்வளவு தூரத்துல புடிக்கறீங்க? தாவாரத்துத் தண்ணி சொட்டுதுல்ல, நனையப் போவுது."

"வெளிச்சம் பத்தல."

"வெளிச்சமெல்லாம் பத்தும். வெள்ளெழுத்து வந்துருச்சுங்க உங்களுக்கு. எங்கண்ணனுக்கும் இப்படித்தான், நாப்பத்தஞ்சுலயே."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் பேப்பரை மடியில் போட்டுவிட்டு வெளியே பார்த்தேன். பனி விலகியிருந்தது. எதிர்ச் சரிவில், ஒரு மைலுக்குக் குறையாது, யாரோ மரவள்ளிக் காட்டில் குனிந்து நிமிர்வது தெரிந்தது. தலைத் துண்டின் சிவப்புக் கரைகூடத் தெரிந்தது. மடியில் இருந்த எழுத்து தெரியவில்லை.

நனைந்த பேப்பருக்கு ஒரு வாசனை உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்கும். மசியும் ஈரமும் கலந்த, கொஞ்சம் மண்ணெண்ணெய் மாதிரியான வாசனை. அதோடு டீசலும் பஜ்ஜி எண்ணெயும் சேர்ந்தால் அது எனக்குச் செம்மேடு பஸ் ஸ்டாண்ட். அங்கேதான் டிரைவர் பெரியண்ணனை முதலில் பார்த்தேன்.

நான் மலைக்கு வந்தபோது வயது இருபத்து நான்கு. ராசிபுரம் பக்கத்து ஆள். தோட்டக்கலைப் பண்ணையில் உதவியாளர் வேலை. நாற்றுகளை எண்ணுவதும் மழை அளப்பதும் பதிவேடு எழுதுவதும்தான் தினப்படி. மழை அளக்கிறவன் என்பதால் வந்த மாதமே எனக்கு 'மழை சார்' என்று பேராகிவிட்டது. மழை பெய்யாவிட்டால் என்னைக் கேட்பார்கள். அதிகமாகப் பெய்தாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

பேப்பர் அப்போது பஸ்ஸில்தான் மேலே வரும். கீழே நாமக்கல்லில் காலை ஏழு மணிக்குக் கிளம்பும் பஸ், காரவள்ளியில் மலையேறத் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி 9.40க்குச் செம்மேடு வந்து நிற்கும். மேற்கூரையில் வாழைத்தார்க் கயிறும் காலிக் கூடைகளும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பேப்பர் கட்டு. பஸ் இருபத்தைந்து நிமிடம் நிற்கும். அந்த இருபத்தைந்து நிமிடமும் டிரைவர் பெரியண்ணன் செல்லம்மாக்காவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவார். கீழேயே தனக்கென்று ஒரு பேப்பர் வாங்கிவிடுவார். கடைப் பேப்பரை நம்ப முடியாது, புதிர் இருக்கும் பக்கத்தில்தான் செல்லம்மாக்கா பஜ்ஜி மடித்துக் கொடுப்பார்.

நான் வந்த இரண்டாவது ஞாயிறு, அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு விடையைச் சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பாமலே கேட்டார். "பொறத்தால இருந்து ஹாரன் அடிக்கறது யாருங்க? ஓவர்டேக் பண்ணப் படாதுங்க, இது மலை ரோடு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அப்போது அவருக்கு நாற்பது, நாற்பத்தொன்று இருக்கும். மலையிலேயே பிறந்தவர். இரண்டு ஏக்கர் காடு, சாமையும் மரவள்ளியும். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் எந்தக் கொடிக்கும் எந்தப் பூச்சிக்கும் அவரிடம் பெயர் இருந்தது. எனக்கு அகராதிச் சொற்கள் தெரியும், கண்ணால் பார்த்த பொருள்கள் குறைவு.

"சரிங்க மழை சார், பங்கு பிரிச்சுக்கலாம்" என்றார். "இடமிருந்து வலம் எனக்கு. ரோடு அப்படித்தான போவுது? மேலிருந்து கீழ உங்களுக்கு. மழைதான அது."

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்தில் நாலு நாள் அவர் வண்டி. ஞாயிறு கட்டாயம் உண்டு. ஞாயிறு காலை 9.40க்கு வந்ததும் தம் பங்கைப் பேனாவால் எழுதுவார். 10.05க்கு வண்டி கீழே இறங்கும். பேப்பர் என்னிடம். நான் பண்ணைக்குக் கொண்டுபோய் என் பங்கைப் பென்சிலால் எழுதுவேன். மாலை அவர் மறுபடி மேலே வருவார். அந்த வண்டிக்கு மலையில்தான் தங்கல். அவர் தம் வீட்டில் படுத்து, விடிந்ததும் காட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு 6.15க்கு முதல் வண்டியை இறக்குவார். அந்தத் தங்கலுக்காகவே அவர் இந்த வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே நல்ல தார் ரோட்டு வண்டிகள் கிடைத்தும் போகவில்லை. "அங்க ஓட்டுனா கை வலிக்காதுங்க. ஆனா ஊட்டுக்கு வார முடியாதே" என்பார். திங்கள் காலை ஆறு மணிக்கு நான் பேப்பரை அவரிடம் திருப்பிக் கொடுப்பேன்.

ஒரு விதி உண்டு. அது அவர் போட்டது. புதிரை யாரும் முழுசாக முடிக்கக் கூடாது. முடிக்கிற நிலைக்கு வந்தவர் ஒரே ஒரு சொல்லை, தெரிந்திருந்தாலும், மற்றவருக்கு விட்டுவைக்க வேண்டும்.

"ஏனுங்க? தெரிஞ்சத எழுதறதுக்கு என்ன?" என்று முதல் முறை கேட்டேன். பாதியில் விட்ட எதுவும் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

"சாமை அறுக்கறப்ப மூலைல ஒரு பிடிக் கதிர அறுக்காம உட்டுட்டு வாரதுங்க எங்க ஊட்டுப் பழக்கம். குருவிக்கு. எல்லாத்தையும் வழிச்சிட்டு வந்தா அடுத்த வருசம் அது எதுக்கு நம்ம காட்டுக்கு வாரும்?"

நாலு வருடம். என் கணக்குப்படி நூற்றுத் தொண்ணூறு புதிர்களுக்குக் குறையாது. கணக்கு என்றால் நாட்குறிப்பில் இருக்கிறது. அன்றன்றைக்கு எழுந்த நேரம், மழை, சாப்பாடு, சந்தித்தவர்கள், விடை கிடைக்காத குறிப்புகள். அவருக்கு என் நாட்குறிப்பைவிட என் எழுத்துதான் வேடிக்கை. நான் ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்தின் நடுவில், நாலு பக்கமும் சமமாக இடம் விட்டு எழுதுவேன். மெய்யெழுத்தின் புள்ளிகள்கூட ஒரே உயரத்தில் நிற்கும். "எழுத்துக்கு ஊடு கட்டிக் குடுத்தாப்பல இருக்குதுங்க. வெளிய காலே நீட்ட மாட்டீங்குது" என்று கண்டக்டர் மணியிடம் காட்டுவார். மணி எங்கள் இருவரையும் ஒரே பார்வை பார்ப்பார். "வேல வெட்டி இல்லாதவங்க. பொட்டிக்குள்ள எழுத்துப் போட்டு வெளாடறாங்க. டீ ஆறுது, குடிங்கண்ணா."

நாலாவது வருடம் ஆடி மாதத்தில் முதலில் கவனித்தேன். பெரியண்ணனின் எழுத்துகள் கட்டத்தை விட்டு வெளியே வந்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு ஒரு சொல் முழுக்கவே கீழ் வரிசையில் இறங்கி, என் பங்குக் கட்டங்களில் உட்கார்ந்திருந்தது. எனக்கு எரிச்சல். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் முதல் உணர்ச்சி எரிச்சல்தான். அழிக்க முடியாத பேனா எழுத்து. வேறொரு தாளில் அளவெடுத்துக் கட்டங்களைப் புதிதாக வரைந்து அவர் சொற்களைத் திருத்தமாக எழுதி, அந்தத் தாளைத் திங்கள்கிழமை கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறிலிருந்து மணி குறிப்புகளை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். வேடிக்கைபோலத்தான். அவர் படிப்பார், பெரியண்ணன் பெஞ்சில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு விடை சொல்வார், மணியே எழுதுவார். ஒரு நாள் ஒரு பாட்டியம்மாள் சீட்டு ஒன்றை அவரிடம் நீட்டி, "சாமி, இந்த ஆசுபத்திரிக்கு எங்க எறங்கோணும்?" என்று கேட்டார். பெரியண்ணன் சீட்டை வாங்கினார். விரித்தார். பேசாமல் மணியிடம் கொடுத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைப் பற்றி அன்றுதான் எனக்குத் தோன்றியது.

இருபத்தேழு வயதில் எனக்குக் கண் என்றால் ஒன்றுதான். தெரியும், அல்லது தெரியாது. கிட்டத்துக் கண், தூரத்துக் கண் என்று இரண்டு வேலை அதற்கு உண்டு என்பது தெரியாது. என் வீட்டில் அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். கண்ணாடி போட்ட முகமே எங்கள் வீட்டில் இல்லை. கட்டத்துக்குள் எழுத்தை வைக்கத் தெரியாதவர் எப்படி எழுபது வளைவில் வண்டியை வைப்பார்? இந்தக் கேள்விதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் பண்ணை வேலையாகச் சேந்தமங்கலம் போய்விட்டு அவர் வண்டியில் திரும்பினேன். காரவள்ளி தாண்டியதும் பனி பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியது மாதிரி. நான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால். ஐம்பத்திரண்டாம் வளைவில் வண்டி திடீரென்று நின்றது. பின்னால் எடுத்தார். ஓரத்தில் ஒரு கல் சக்கரத்தில் பட்டுக் கீழே உருண்டது. உருண்டுகொண்டே போகும் சத்தம் கேட்டது. நின்றபாடில்லை. உள்ளே அறுபது பேருக்குமேல் இருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு "அரப்பளீஸ்வரா" என்றாள். ஒரு நிமிடம் கழித்துப் பனிக்குள்ளிருந்து ஒரு ஜீப் வந்து எங்களை உரசாமல் தாண்டிப் போனது. வண்டி மறுபடி ஏறியது.

அந்த ஜீப்பை எங்கள் எல்லோருக்கும் முன்னால் பார்த்து வழிவிட்டவர் அவர்தான். இது எனக்கு அன்று உறைக்கவில்லை. கல் உருண்ட சத்தம்தான் காதில் இருந்தது.

அவரைக் கேட்டிருக்கலாம். பெஞ்சில் இடம் கொடுத்த மனிதர். 'கண்ணு எப்படிங்க இருக்குது?' என்று ஒரு வார்த்தை. கேட்டால் சங்கடப்படுவார் என்று நினைத்தேன். அல்லது சங்கடம் எனக்குத்தானா? எது என்று இன்றுவரை சரியாக எழுத முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஓர் உள்நாட்டுத் தபால் தாளில் கீழே டெப்போ அதிகாரிக்கு எழுதினேன். இன்ன வண்டியின் டிரைவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, கையில் கொடுத்த சீட்டைப் படிக்க முடியவில்லை, பயணிகள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பரிசோதிக்க வேண்டும். ஏழு வரி. பொய் ஒன்றும் இல்லை. 'அனுப்புநர்' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன்.

மலையிலிருந்து தபால் பை 10.05 பஸ்ஸில்தான் கீழே இறங்கும். பையை வாங்கித் தம் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது டிரைவரின் வழக்கம். அன்று அவர் வண்டி. நான் பண்ணை மேட்டில் நின்று பார்த்தேன். பஸ் சோளக்காட்டுப் பக்கம் திரும்பும்வரை தெரிந்தது.

அன்றைய நாட்குறிப்பை இப்போது எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் 21, புதன். 'எழுந்தது 5.45. மழை 3.2. காபிச் செடி நாற்று 140 மாற்றினோம். மதியம் தக்காளிச் சாதம். இரவு மழை இல்லை.' அவ்வளவுதான். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தக்காளிச் சாதம் இருக்கிறது.

அடுத்த வாரம் வேறு டிரைவர் வந்தார். அதற்கடுத்த வாரமும். மூன்றாவது ஞாயிறு மணி டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேப்பர் இல்லை.

"எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டானுங்க சார். அண்ணனுக்குக் கண்ணு தெரியலையாமா."

"அப்புறம்?" என்றேன்.

"பெரிய ஆசுபத்திரிக்கு டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க. டாக்டரு சிரிச்சுட்டாருங்க. தூரப்பார்வ கழுகாட்ட இருக்குதய்யா, இது சும்மா வெள்ளெழுத்து, நாப்பது தாண்டுனா எல்லாருக்கும் வாரதுதான்னு சொல்லி, படிக்கறதுக்கு ஒரு கண்ணாடி எழுதிக் குடுத்துட்டாரு. வண்டி ஓட்டறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாமா."

"அப்ப திரும்ப வந்துருவாருல்ல?"

"எங்கீங்க? கடுதாசி ஃபைல்ல ஏறிப்போச்சு. பேரு போட்டிருந்தாலாச்சும் கூப்பிட்டு விசாரிச்சு முடிச்சு உடுவாங்க. மொட்டைக் கடுதாசிய என்ன பண்றது? நாளைக்கு மலைல ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றதுன்னு பயந்துட்டு, தார் ரோட்டு வண்டில போட்டுட்டாங்க. மலை வண்டி கெடையாது. தங்கலும் கெடையாது."

செல்லம்மாக்கா கரண்டியை வைத்துவிட்டுத் திட்டினார். "எழுதுனவன் கை வெளங்காமப் போவோணும்." நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

மணி இன்னும் முடிக்கவில்லை. "விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டாங்க சார். கடுதாசிய அண்ணங்கிட்டயே குடுத்து, படின்னாங்க. அவருக்குத்தான் கிட்டத்துல தெரியாதே. குடுங்கண்ணா நாம் படிக்கறேன்னு கைய நீட்டுனேன். குடுக்கலீங்க. தள்ளிப் புடிச்சு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. எங்கண்ணுக்குப் படாம மடிச்சு ஆபீசர்கிட்ட குடுத்துட்டாரு. எழுதுனது யாருன்னு தெரியுதான்னு கேட்டாங்க. தெரியலீங்கன்னுட்டாரு."

மணிக்கும் என் எழுத்து தெரியும்.

ஐப்பசி கடைசியில் மணி ஒரு மடித்த பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணன் குடுக்கச் சொன்னாரு. கீழ முள்ளுக்குறிச்சில வாடகைக்கு ஊடு பாத்துட்டாருங்க. அவரு ஊட்டுக்கார அக்காவும் எறங்கிட்டாங்க. காட்ட மச்சாங்கிட்ட உட்டாச்சு."

வேறு சேதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை இணைப்பு. இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் அவரே எழுதியிருந்தார். பேனா. ஒவ்வொரு எழுத்தும் கட்டத்தின் நடுவில் இருந்தது. கண்ணாடி வாங்கிவிட்டார். எனக்குத் திட்டு எழுதியிருப்பார் என்று ஓரமெல்லாம் தேடினேன். எதுவும் இல்லை. மேலிருந்து கீழ் பதினேழாவது சொல் மட்டும் காலி. ஐந்து கட்டங்கள். 'முற்றினால் குடுவையாகும் காய்.' சுரைக்காய் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் வீட்டுக் கூரையிலேயே காய்க்கும்.

நான் அதை எழுதவில்லை. பண்ணையில் மேசை முன்னால் பென்சிலை எடுத்தேன், வைத்தேன். அந்த வருட நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து பேப்பர் வரவில்லை. போகவேண்டியிருந்தது என் பதில்தான். முள்ளுக்குறிச்சிக்குப் போகலாம் என்று எத்தனையோ திங்கள்கிழமை பஸ் ஸ்டாண்ட் வரை நடந்திருக்கிறேன். நடந்தது நாட்குறிப்பில் 'காலை நடை' என்று இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் மலைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதற்கு மூன்று வருடம் இருக்கும்போது நெஞ்சுவலியில் போய்விட்டார். ஆம்புலன்ஸில் கொண்டுவந்து அவர் காட்டிலேயே எரித்தார்கள். நான் போயிருந்தேன். அவர் மனைவி பாவாயி அக்கா யாரென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மணி, "மழை சாருங்க" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானுங்களா? உங்களப் பத்திப் பேசாத ஞாயித்துக்கெழமை கெடையாதுங்க சாமி. ஒரு பொட்டிய உட்டுட்டு வெப்பாருங்க. ஏனுங்க அத மட்டும் உடறீங்கன்னா, மழை சாருக்குன்னு சொல்லுவாரு. ஒரு தடவை வந்திருக்கப் படாதுங்களா?"

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள். அக்கா அழுதுகொண்டிருந்தார். 'வேலைங்க' என்று சொன்னேன். நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். காட்டின் மூலையில் ஒரு பிடிக் கதிர் நின்றிருந்தது. மச்சானும் அந்தப் பழக்கத்தை விடவில்லை போலிருக்கிறது.

இப்போது அந்தக் காட்டில் சாமை இல்லை. மச்சான் விற்றுவிட்டார். நீல நிறத்தில் மூன்று தங்கும் விடுதிகள் நிற்கின்றன. வாசலூர்பட்டியில் படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் அங்கே காரை நிறுத்துகிறார்கள். செல்லம்மாக்காவின் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. பேப்பர் கட்டு பஸ்ஸில் வருவதில்லை, கீழேயிருந்து யாரோ பைக்கில் கொண்டுவருகிறார்கள், நாலைந்து வீட்டுக்குத்தான். முள்ளுக்குறிச்சி வழியாகவும் இப்போது மலைக்கு ரோடு வந்துவிட்டது. அது அன்று இருந்திருந்தால் அவர் தினமும் வீட்டுக்கு வந்திருக்கலாமோ என்று சில நாள் யோசிப்பேன். பண்ணையில் தானாக மழை அளக்கும் கருவி வைத்துவிட்டார்கள். என் எண்ணை யாரும் கேட்பதில்லை. நான்தான் பழக்கத்துக்கு வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு மழைமானி வைத்து அளந்துகொண்டிருக்கிறேன். மணி ஓய்வு பெற்று மகனோடு ஓசூர் போய்விட்டார். பாவாயி அக்கா காலமாகி இரண்டு வருடம். சொல்வதற்கு ஆள் இல்லாமல் போகும்வரை காத்திருந்திருக்கிறேன்.

நேற்று முழுதும் அந்தச் சிவப்புக் கரைத் துண்டு என் கண்ணில் நின்றது. ஒரு மைலுக்கு அப்பால் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மணி சொல்லி, டாக்டர் சொன்னதாகக் கேட்டு, எனக்கு இருபது வருடமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் நேற்றுத்தான் அவர் கண்ணால் பார்த்தேன். பெஞ்சில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே விடை சொல்வாரே, அவருக்கு எதிர்ச் சரிவில் ஒவ்வொரு மரமும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வளைவும் தெரிந்திருக்கும். பனிக்குள் வந்த ஜீப் தெரிந்திருக்கும். தள்ளிப் பிடித்த கடிதத்தில் என் எழுத்தும், நாலு பக்கமும் சமமாக இடம் விட்டு, தெரிந்திருக்கும்.

நேற்றைய புதிரை அப்படியே வைத்துவிட்டேன். நாலு சொல்லோடு நிற்கிறது. மனைவி கண்ணாடி வாங்க ராசிபுரம் போகலாம் என்கிறாள். போக வேண்டும்.

நவம்பர் 17, திங்கள். காலை 5.40க்கு எழுந்தேன். கோழிகளைத் திறப்பதற்கு முன்னால் அலமாரியிலிருந்து அந்த வருட நாட்குறிப்பை எடுத்தேன். செப்டம்பர் 21, புதன். 'இரவு மழை இல்லை' என்ற வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பென்சில் வேண்டாம் என்று பேனாவால் எழுதினேன். 'இன்று டிரைவர் பெரியண்ணனைப் பற்றி டெப்போவுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். அவரைக் கேட்கவில்லை. கடிதம் அவர் வண்டியிலேயே போயிற்று. அனுப்புநர்:' என்று எழுதி, என் பெயரை எழுதினேன். எழுத்துகள் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தன. திருத்தவில்லை.